கல்லறைச் சிற்பியின் மகள்: மார்கரெட் சாங்கரின் வாழ்வும் வழக்குகளும்

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் கோர்னிங் என்றொரு சிறு நகரம். கண்ணாடித் தொழிற்சாலைகள்தான் அதன் பிழைப்பு. ஆற்றங்கரையின் தாழ்ந்த பகுதியில் தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. மேட்டுப் பகுதியில் தொழிற்சாலைகளின் சொந்தக்காரரும் மேலாளர்களும் இருந்தார்கள். கீழே உள்ள வீடுகளில் எட்டுப் பிள்ளைகள், பத்துப் பிள்ளைகள். மேலே இரண்டு அல்லது மூன்று. கீழே முப்பது வயதுத் தாய்மார் கிழவிகளைப் போலத் தெரிந்தார்கள். மேலே அதே வயதுப் பெண்கள் கணவன்மாரோடு புல்வெளியில் டெனிஸ் விளையாடினார்கள். மேட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியம் என்ன என்ற கேள்வி, 1879 செப்டெம்பர் 14ஆம் திகதி அந்த நகரத்தில் பிறந்த ஒரு சிறுமியை விடவேயில்லை. அவரது பெயர் மார்கரெட் ஹிகின்ஸ். திருமணத்தின் பின் மார்கரெட் சாங்கர்.

தந்தை மைக்கேல் ஹிகின்ஸ் அயர்லாந்திலிருந்து வந்த கல்வேலைக்காரர். கல்லறைகளுக்குத் தேவதைகளைச் செதுக்குவது அவரது தொழில். ஆனால் அவருக்கு மதநம்பிக்கை கிடையாது. நாத்திகப் பேச்சாளர் ஒருவரை ஊருக்கு அழைத்துக் கூட்டம் வைத்தார். அதன்பிறகு கத்தோலிக்க மயானத்தின் வேலைகள் அவருக்கு வருவது குறைந்துபோனது. மனிதர் தன் கொள்கையில் உறுதியாக நின்றார். அதற்கான விலையை வீட்டிலிருந்தவர்கள் கட்டினார்கள். தாய் ஆன் கத்தோலிக்கர், காசநோயாளி. பதினெட்டுத் தடவை கருவுற்றுப் பதினொரு பிள்ளைகளை உயிருடன் பெற்றார். 1899இல், ஐம்பது வயதளவில் இறந்தார். மார்கரெட் அவருடைய ஆறாவது பிள்ளை.

இந்தக் கணக்கு எங்களுக்குப் புதிதல்ல. பெற்றது பத்து, தங்கியது ஆறு என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போகும் அம்மம்மாக்களும் அப்பம்மாக்களும் எல்லா வீடுகளிலும் இருந்தார்கள். அதற்குப் பின் வந்த கதை வேறு மாதிரி. இறுதி யுத்தக் காலத்தில் ஆட்சேர்ப்புக்குப் பயந்து பதினாறு, பதினேழு வயதில் அவசரமாகக் கட்டிவைக்கப்பட்ட வன்னிப் பிள்ளைகள் இன்று முப்பதுகளில் இருக்கிறார்கள். அடுத்த பிள்ளை எப்போது வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்று அவர்களில் எத்தனை பேரிடம் யாராவது கேட்டிருப்பார்கள்? ஓர் அமெரிக்கத் தாதியின் வாழ்க்கையை இங்கே எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம். அவர் புனிதர் அல்ல. அவருடைய கதையில் எங்களுக்கு மிகவும் வேண்டிய பகுதி, அவர் சறுக்கிய இடத்தில்தான் இருக்கிறது.

மார்கரெட் தாதிப் பயிற்சி பெற்றார். 1902இல் கட்டடக் கலைஞரான வில்லியம் சாங்கரை மணந்தார். மூன்று பிள்ளைகள். சில ஆண்டுகள் புறநகர் வீட்டில் குடும்ப வாழ்க்கை நடத்திவிட்டு, 1910 அளவில் நியூயோர்க் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே லோவர் ஈஸ்ட் சைட் என்ற பகுதியில் வீடு வீடாகச் சென்று நோயாளரைப் பார்க்கும் தாதியாக அவர் வேலை செய்தார். யூதர்கள், இத்தாலியர்கள் என்று ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைக் குடியேறிகள் ஓர் அறையில் ஏழெட்டுப் பேராக வாழ்ந்த இடம் அது. சனிக்கிழமை இரவுகளில், தலையைச் சால்வையால் மூடிய பெண்கள் ஐந்து டொலருக்குக் கருவைக் கலைக்கும் ஆட்களின் வாசலில் வரிசையாக நிற்பதை அவர் கண்டார். அந்த ஐந்து டொலரும் இல்லாதவர்கள் ஊசி, குச்சி, மருந்து என்று கிடைத்ததை வைத்துத் தாங்களே முயன்றார்கள். காய்ச்சலில் கிடந்தார்கள். பலர் இறந்தார்கள்.

1912இல் சேடி சாக்ஸ் என்ற பெண்ணைப் பராமரித்ததாக சாங்கர் எழுதியிருக்கிறார். லொறிச் சாரதி ஒருவரின் மனைவி. மூன்று பிள்ளைகளின் தாய். தானே கருவைக் கலைக்க முயன்று நஞ்சேறிக் கிடந்தவரை வைத்தியரும் சாங்கரும் சேர்ந்து காப்பாற்றினார்கள். இன்னொரு முறை கருத்தரிக்காமல் இருக்க என்ன வழி என்று அந்தப் பெண் வைத்தியரிடம் கேட்டபோது, கணவனைக் கூரையில் படுக்கச் சொல்லும்படி பகிடி விட்டுவிட்டு வைத்தியர் போய்விட்டார். மூன்று மாதத்தில் மறுபடியும் அதே வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. இந்த முறை காப்பாற்ற முடியவில்லை. சேடி சாக்ஸ் என்று ஒருத்தி உண்மையில் இருந்தாரா, பல பெண்களின் கதைகளைச் சேர்த்து சாங்கர் உருவாக்கியதா என்று வரலாற்றாசிரியர்கள் ஐயப்படுகிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்தப் பகடியைக் கேட்டுவிட்டு வீடு திரும்பிய பெண்கள் ஒருவர் இருவரல்ல.

வைத்தியர் பகிடியோடு நழுவியதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1873இல் அமெரிக்கப் பாராளுமன்றம் நிறைவேற்றிய கொம்ஸ்டொக் சட்டம், ஆபாசப் பொருட்களைத் தபாலில் அனுப்புவதைத் தடைசெய்தது. அந்த ஆபாசப் பட்டியலில் கருத்தடைச் சாதனங்களும் அவை பற்றிய தகவலும் சேர்க்கப்பட்டிருந்தன. சட்டத்துக்குப் பெயர் கொடுத்த அந்தனி கொம்ஸ்டொக் ஓர் ஒழுக்கக் காவலர். தபால் திணைக்களத்தின் விசேட முகவராக நாற்பது ஆண்டுகள் மற்றவர்களின் கடிதங்களைத் துருவிக்கொண்டிருந்தார். மாநிலங்கள் தங்கள் பங்குக்குத் தனிச் சட்டங்களை வைத்திருந்தன. நடைமுறையில் இந்தச் சட்டங்கள் மேட்டில் இருந்தவர்களைத் தொடவில்லை. பணக்காரருக்கு அவர்களின் குடும்ப வைத்தியர் காதோடு காதாகச் சொல்லிக்கொடுத்தார். ஆண்களுக்கு நோய்த் தடுப்பு என்ற பெயரில் ஆணுறை கிடைத்தது. ஏழைப் பெண்ணுக்கு மட்டும்தான் ஒன்றும் இல்லை.

சாங்கர் எழுதத் தொடங்கினார். சோசலிசப் பத்திரிகை ஒன்றில் பெண்பிள்ளைகள் அறிந்திருக்கவேண்டிய உடல் விடயங்களைத் தொடராக எழுதினார். பாலியல் நோய் பற்றிய பகுதியைத் தபால் திணைக்களம் தடைசெய்தது. பத்திரிகை அந்த இடத்தை வெறுமையாக விட்டு, திணைக்களத்தின் உத்தரவுப்படி ஒன்றுமில்லை என்று அச்சிட்டது. தணிக்கைக்குப் பறிகொடுத்த பத்திகளை வெள்ளையாக விட்டு வெளிவந்த பத்திரிகைகளை எங்கள் வாசகர்களும் கண்டிருப்பார்கள்.

1914 மார்ச்சில் சொந்தமாக ஒரு மாத இதழ் தொடங்கினார். பிறப்புக் கட்டுப்பாடு என்று பொருள்படும் பேர்த் கொன்ட்ரோல் என்ற ஆங்கிலச் சொல் அந்தச் சிறு வட்டத்தில்தான் உருவானது. ஓகஸ்டில் அவர்மீது குற்றப்பத்திரம் தாக்கலானது. நீண்டகாலச் சிறை கிடைக்கலாம் என்ற நிலையில், வழக்குக்கு ஆயத்தப்பட நேரம் கிடைக்காததால், கனடா வழியாகப் பொய்ப் பெயரில் இங்கிலாந்துக்குத் தப்பிப் போனார். நடுக்கடலில் இருக்கும்போது, கருத்தடை முறைகளை விளக்கி இரகசியமாக அச்சிட்டு வைத்திருந்த சிறு கையேட்டின் ஒரு இலட்சம் பிரதிகளை விநியோகிக்கும்படி நண்பர்களுக்குச் செய்தி அனுப்பினார். நெதர்லாந்துக்குப் போய், கருப்பை வாயை மூடும் இறப்பர் மூடியை ஒவ்வொரு பெண்ணுக்கும் அளவெடுத்துப் பொருத்தும் முறையைப் பழகினார். அங்கே அதற்கென்றே நிலையங்கள் இயங்கிக்கொண்டிருந்தன.

பிள்ளைகள் மூவரும் நியூயோர்க்கில் இருந்தார்கள். கடைக்குட்டி பெகிக்கு நாலு வயது. கணவர் வில்லியத்திடம் ஒரு ஆள் வந்து, கஷ்டப்பட்ட குடும்பஸ்தன் போல நடித்து ஒரு கையேடு கேட்டான். கொடுத்தார். கேட்டவன் கொம்ஸ்டொக்கின் ஆள். வில்லியம் முப்பது நாள் சிறைக்குப் போனார். 1915 இலையுதிர் காலத்தில் மார்கரெட் நாடு திரும்பினார். நவம்பர் 6ஆம் திகதி பெகி நியூமோனியாவில் இறந்தாள். ஐந்து வயது. ஓர் ஆண்டு பிரிந்திருந்து திரும்பிய சில வாரங்களில் பிள்ளையை இழந்த தாய்மீது நாடு முழுவதும் அனுதாபம் எழுந்தது. 1916 பெப்ரவரியில் அரசாங்கம் வழக்கைக் கைவிட்டது. அந்தத் துயரம் கடைசிவரை அவரைவிட்டுப் போகவில்லை. வேறு பெண்களின் பிள்ளைகளுக்காகப் போனவள் தன் பிள்ளையை விட்டுப்போனாள் என்ற ஏச்சும் விடவில்லை. அதே ஏச்சை வில்லியத்துக்கு யாரும் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

1916 ஒக்டோபர் 16ஆம் திகதி, புரூக்ளினின் பிரவுன்ஸ்வில் பகுதியில் அம்பொய் வீதி 46ஆம் இலக்க வீட்டில் அமெரிக்காவின் முதலாவது கருத்தடை நிலையம் திறக்கப்பட்டது. சாங்கரோடு அவரது தங்கை எதெல் பெர்னும் ஃபானியா மிண்டெல் என்ற தோழியும் இருந்தார்கள். எதெலும் தாதி. பொறுப்பெடுக்க ஒரு வைத்தியரும் முன்வரவில்லை. ஆங்கிலம், இத்தாலியன், யூதர் பேசும் யிடிஷ் ஆகிய மூன்று மொழிகளில் துண்டுப்பிரசுரம் அடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். இதிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அரச மொழியில் மட்டும் அச்சடித்திருந்தால் அந்தத் தெருவில் பாதிப்பேருக்கு நிலையம் திறந்ததே தெரிந்திருக்காது. எங்கள் பக்கத்து வைத்தியசாலைகளில் தமிழ் தெரியாதவர் விளக்கம் கொடுக்க, விளங்காமலே தலையாட்டிவிட்டு வந்த பெண்களுக்கு இதை அதிகம் விபரிக்கத் தேவையில்லை.

கதவு திறக்கும் முன்பே வரிசை. குழந்தை வண்டிகளோடு, கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று, சேலையைப் பிடிப்பதுபோல் பாவாடையைப் பிடித்தபடி இன்னொன்று என்று வந்தார்கள். கட்டணம் பத்துச் சதம். ஏழெட்டுப் பேராகச் சேர்த்து அறையில் இருத்தி, உடலின் படத்தைக் காட்டி விளக்கம் கொடுத்தார்கள். முதல் நாளே நூறு பேருக்கு மேல். யூதப் பெண்களோடு கத்தோலிக்கப் பெண்களும் வந்தார்கள். பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொல்வாய் என்று ஒருத்தியிடம் கேட்டதற்கு, அது சுவாமியாரின் விடயமல்ல என்ற பொருளில் பதில் வந்ததாம். மேடையில் மதத்தின் பெயரால் பேசியவர்களுக்கும் வரிசையில் நின்றவர்களுக்கும் இடையில் இருந்த தூரம் அது.

பத்தாவது நாள் பொலிஸ் வந்தது. அதற்கு முன் வாடிக்கையாளர்போல வந்து இரண்டு டொலர் கொடுத்துவிட்டுப் போன பெண் பொலிஸ்காரிதான் சாட்சி. அதற்குள் 400க்கு மேற்பட்ட பெண்கள் வந்து போயிருந்தார்கள். எதெலுக்கு முப்பது நாள் சிறை. அவர் உண்ணாவிரதம் இருந்தார். தண்ணீரும் குடிக்க மறுத்தார். குழாய் மூலம் பலவந்தமாக உணவு ஊட்டினார்கள். தங்கை சாகப்போகிறாள் என்ற நிலையில், இனிமேல் சட்டத்தை மீறமாட்டாள் என்று மார்கரெட் ஆளுநரிடம் உறுதிகொடுத்து விடுவித்தார்.

மார்கரெட்டின் வழக்கில் அரச தரப்புச் சாட்சிகளாக பிரவுன்ஸ்வில் தாய்மாரே அழைக்கப்பட்டார்கள். பிள்ளைகளையும் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு நீதிமன்றம் வந்தார்கள். எத்தனை பிள்ளை, எத்தனை கருச்சிதைவு, கணவனின் வாரச் சம்பளம் எவ்வளவு என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அரச தரப்புக்குச் சாட்சி சொல்ல வந்து, எதிராளிக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போனார்கள். சட்டத்தை இனி மீறுவதில்லை என்று வாக்குக்கொடுத்தால் விட்டுவிடலாம் என்று நீதிமன்றம் முன்வந்தது. தன்னால் மதிக்கமுடியாத சட்டத்துக்கு அப்படியொரு வாக்குத் தரமுடியாது என்று அவர் மறுத்தார். முப்பது நாள் சிறை. உள்ளே எழுத்தறியாத கைதிகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். வெளிவரும் நாளில் கைரேகை பதிய மறுத்துப் போராடினார்.

1918 ஜனவரியில் மேன்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. தண்டனை சரி என்றது நீதிமன்றம். ஆனால் நோயைத் தடுக்கவோ குணமாக்கவோ வைத்தியர்கள் கருத்தடை ஆலோசனை கொடுக்கலாம் என்று சட்டத்தை விரித்துப் பொருள் சொன்னது. தோற்ற வழக்கில் கிடைத்த வெற்றி. 1923இல் வைத்தியர் ஒருவரைப் பொறுப்பில் வைத்துச் சட்டபூர்வமான நிலையத்தைத் திறந்தார். 1929இல் பொலிஸ் அங்கும் புகுந்து நோயாளர் பதிவேடுகளை அள்ளிக்கொண்டு போனது. அதுவரை ஒதுங்கி நின்ற வைத்தியர் சமூகம் அப்போதுதான் கொதித்தது. நோயாளியின் இரகசியத்தைப் பொலிஸ் வாசிப்பதா என்பது அவர்களின் கேள்வி. பிறகு, ஜப்பானிய வைத்தியர் ஒருவர் அனுப்பிய இறப்பர் மூடிகளின் பொதி ஒன்றைச் சுங்கம் கைப்பற்ற, அதை வைத்தே வழக்காடி 1936இல் வென்றார்கள். வைத்தியர்கள் தொழில்தேவைக்காகக் கருத்தடைச் சாதனங்களைத் தருவிக்கலாம் என்றானது.

இனி அந்தச் சறுக்கல். சிறைக்குப் போன 1917இல் சாங்கர் தொழிலாளர் இயக்கத்தின் ஆள். 1920களில் அவரைச் சுற்றியிருந்தவர்கள் மாறிவிட்டார்கள். வில்லியத்தைப் பிரிந்து 1922இல் எண்ணெய்க் கம்பனி அதிபர் ஒருவரை மணந்தார். அவருடைய பணம் இயக்கத்துக்கு வந்தது. பணத்தைவிட ஆபத்தான வேறொன்றும் வந்தது. அக்காலத்தில் பல்கலைக்கழகங்களிலும் கனவான்கள் மத்தியிலும் மதிப்பாக இருந்த இனமேம்பாட்டுக் கொள்கை அது. தகுதியானவர்கள் அதிகம் பெறவேண்டும், தகுதியற்றவர்கள் பெறக்கூடாது என்பது அதன் சாரம். பெண்ணின் விருப்பம் என்ற வாதத்துக்குக் காது கொடுக்காத பெரிய மனிதர்கள், ஏழைகள் பெருகுகிறார்கள் என்ற வாதத்தைக் கேட்டார்கள். சாங்கர் அந்த மொழியைப் பேசத் தொடங்கினார். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று கருதப்பட்டோருக்குக் கருவளம் நீக்குவதை ஆதரித்து எழுதினார். 1926இல் கறுப்பின மக்களுக்கு எதிரான கூ கிளக்ஸ் கிளான் அமைப்பின் பெண்கள் பிரிவிலும் போய்ப் பேசினார்.

இதை அந்தக் காலத்து வழமை என்று தட்டிவிட முடியாது. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கட்டாயக் கருவள நீக்கத்தைச் சட்டபூர்வம் என்றது. முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் அப்படியான சட்டங்கள் இருந்தன. 60,000க்கு மேற்பட்டவர்கள் அவற்றால் பிள்ளைப்பேறை இழந்தார்கள். பெரும்பாலும் ஏழைகள், பராமரிப்பு நிலையங்களில் இருந்தவர்கள், கறுப்பினப் பெண்கள், குடியேறிகள். சாங்கர் அந்தச் சட்டங்களை எழுதியவர் அல்ல. ஆனால் பெற்றுக்கொண்டே இரு என்று பெண்ணிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்று வாதாடியவர், பெறாதே என்று சொல்லும் உரிமையை அரசாங்கத்துக்குக் கொடுத்தபோது, அம்பொய் வீதி வரிசையில் நின்ற பெண்களையே கைவிட்டார். அவர்களும் அந்தக் கனவான்களின் பார்வையில் தகுதியற்றவர்கள்தான்.

1935 பிற்பகுதியில் இந்தியா வந்தார். வார்தாவில் காந்தியைச் சந்தித்து இரண்டு நாள் பேசினார். பெண்கள் மிதமிஞ்சிப் பெறுவது கூடாது என்பதில் இருவருக்கும் பேதமில்லை. வழி பிரம்மச்சரியம்தான் என்றார் காந்தி. கணவனை மறுக்க எந்த மனைவிக்கு அதிகாரம் இருக்கிறது என்பது சாங்கரின் நிலைப்பாடு. முடிவில்லாமல் பிரிந்தார்கள். தாகூர் அவரை ஆதரித்தார். திருவனந்தபுரத்தில் நடந்த அகில இந்தியப் பெண்கள் மாநாட்டிலும் கலந்துகொண்டார். எதிர்ப்புக்கு மத்தியில் கருத்தடைக்கு ஆதரவான தீர்மானம் அங்கே நிறைவேறியது. இதே காலத்தில் தமிழ்நாட்டில் பெரியார் கர்ப்பத்தடை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் வறுமைக்காகவும் கர்ப்பத்தடையைக் கேட்கிறார்கள், தான் கேட்பது பெண் விடுதலைக்காக என்று அவர் வேறுபடுத்திக் காட்டினார். சாங்கர் கைவிட்டுப்போன இடத்தில் பெரியார் நின்றார் என்றே எனக்குப் படுகிறது.

1952 நவம்பரில் பம்பாயில் நடந்த மாநாட்டில், குடும்பத் திட்டமிடலுக்கான சர்வதேச சம்மேளனம் உருவானது. சாங்கர் அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். இரண்டு மாதத்துக்குள், 1953 ஜனவரியில், இலங்கையில் குடும்பத் திட்டமிடல் சங்கம் அமைந்தது. இங்கே நிலம் ஏற்கெனவே பண்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்துக்கான மிஷன் வைத்தியராகத் தெரிவாகி, தமிழர் ஒருவரை மணந்ததால் மிஷன் வட்டாரம் ஒதுக்கிவைத்த கனேடியப் பெண் மேரி இரட்ணம், 1930களிலேயே கொழும்பில் இந்த வேலையைத் தொடங்கியிருந்தார். 1950களில் அதை வைத்தியசாலைக்குள் கொண்டுவந்த முன்னோடி, தமிழ்ப் பெண் வைத்தியரான சிவா சின்னத்தம்பி. இவர்களைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

சாங்கரின் கடைசிப் பெரிய வேலை மாத்திரை. பெண் தன் கையில் வைத்திருக்கக்கூடிய, கணவனிடம் அனுமதி கேட்கத் தேவையற்ற ஒன்று வேண்டும் என்று அவர் பல காலமாகக் கனவு கண்டார். 1950களின் தொடக்கத்தில் கிரெகரி பின்கஸ் என்ற விஞ்ஞானியைச் சந்தித்தார். கதரின் மக்கோர்மிக் என்ற செல்வந்தப் பெண்ணை அந்த ஆய்வுக்குப் பணம் போடவைத்தார். ஆராய்ச்சிக்கு அரசாங்கம் ஒரு சதமும் கொடுக்கவில்லை. 1960இல் அமெரிக்காவில் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது.

அதற்கு முன் அந்த மாத்திரை பெரிய அளவில் பரீட்சிக்கப்பட்டது அமெரிக்காவின் ஆட்சியிலிருந்த புவேர்ட்டோ ரிக்கோ தீவில், 1956இல், ஏழைப் பெண்கள்மீது. இன்றைய மாத்திரையைவிடப் பல மடங்கு வலுவான அளவு. பரிசோதனை என்பது அவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. தலைச்சுற்று, வாந்தி, தலையிடி என்று முறையிட்டவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர். அங்கே பொறுப்பாக இருந்த பெண் வைத்தியர் இந்த மாத்திரை பாவனைக்கு உகந்ததல்ல என்று அறிக்கை கொடுத்தார். அவர்களின் மனப்பிரமை என்று பின்கஸ் ஒதுக்கினார். மூன்று பெண்கள் இறந்தார்கள். காரணம் அறியப் பிரேதபரிசோதனைகூட நடக்கவில்லை. அதே தீவில் 1965இல் எடுத்த கணக்கின்படி, தாய்மாரில் மூன்றில் ஒரு பங்கினர் ஏற்கெனவே கருவளம் நீக்கப்பட்டவர்கள். உலகம் முழுவதும் கோடிக்கணக்கான பெண்களுக்கு விடுதலை தந்த மாத்திரை, கேள்வி கேட்கமுடியாத பெண்களின் உடலைக் கடந்துதான் வந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊருக்கு வராமல் இருக்கமுடியவில்லை. 2013இல் கிளிநொச்சி மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களான வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகியவற்றின் தாய்மார், கையில் தோலுக்குக் கீழே வைக்கும் கருத்தடைக் குச்சியைத் தங்களுக்கு வற்புறுத்தி வைத்தார்கள் என்று முறையிட்டார்கள். பிள்ளைகளின் விடயமாக வரச்சொல்லிவிட்டு, விளக்கம் சொல்லாமல் வைத்ததாகவே அவர்கள் சொன்னார்கள். யுத்தம் முடிந்து நாலு ஆண்டுகள். பிள்ளைகளைப் புதைக்க இடம் தேடிய கைகள் அவை. இலட்சக்கணக்கில் இராணுவம் நின்ற மண்ணில், சீருடை இல்லாத அரச உத்தியோகத்தருக்கும் இல்லை என்று சொல்லப் பயம் இருக்கும்.

அந்தக் குச்சியில் குற்றம் இல்லை. விளங்கிக்கொண்டு, தானே கேட்டு வைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு அது ஐந்து ஆண்டு நிம்மதி. கேட்காதவளுக்கு வைத்ததன் விளைவு, கேட்க நினைத்தவளும் கிளினிக்குக்குப் போகத் தயங்குவது. இனத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள் என்ற கதை அதற்குப் பிறகு பரவினால் அதை வெறும் வதந்தி என்று சிரிக்கமுடியாது. இந்தத் தீவில் பயம் எல்லாப் பக்கமும் ஓடுகிறது. 2018இல் அம்பாறையில் முஸ்லிம் உணவகத்தில் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்று கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். சோதித்தபோது அது மாவுக்கட்டி. எண்ணிக்கை குறைந்துபோனோம், நிறையப் பெறுங்கள் என்று எங்கள் மேடைகளிலும் ஆண்கள் பேசுகிறார்கள். கணவனைக் காணாமல் ஆக்கக் கொடுத்துவிட்டு மூன்று பிள்ளைகளோடு கூலிக்குப் போகிறவளிடம் அதைச் சொல்வார்களா தெரியவில்லை.

மேடையும் அரசும் ஒருபுறமிருக்க, வீட்டுக்குள் இருக்கும் தடைகள் நூறு ஆண்டுக்கு முந்திய பிரவுன்ஸ்வில்லில் இருந்தவைதான். மாமியாருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். புருஷன் சந்தேகப்படுவான் என்ற பயம். மூன்று மாத ஊசி போட்டால் மாதவிலக்கு நின்று கெட்ட இரத்தம் உடம்பில் தங்கும் என்ற கதை, லூப் மேலேறி நெஞ்சுக்குப் போகும் என்ற கதை. ஊசியில் மாதவிலக்கு நிற்பது அந்த மருந்தின் இயல்பு. தங்குவதற்கு அங்கே இரத்தம் சேர்வதில்லை. லூப் கருப்பைக்குள்தான் இருக்கும். மிக அரிதாக இடம் மாறினாலும் வைத்தியர் கண்டுபிடித்து எடுத்துவிடலாம். நெஞ்சுக்குப் போக வழியில்லை. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். கிளினிக் வாங்கில் காத்திருக்கும் முப்பது பேருக்கும் அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்கவேண்டுமானால் ஆளணி வேண்டும்.

சாங்கரின் முதுமை அவ்வளவு அழகானதல்ல. இதயநோய், வலிமருந்துக்கு அடிமைத்தனம், மறதி. அரிசோனா மாநிலத்தின் டூசன் நகரில் மகன் ஒருவரின் குடும்பத்துக்கு அருகே இருந்தார். 1966 செப்டெம்பர் 6ஆம் திகதி, 87ஆவது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கையில், ஒரு மருத்துவப் பராமரிப்பு நிலையத்தில் இறந்தார். 2020இல் நியூயோர்க் குடும்பத் திட்டமிடல் அமைப்பு தனது மன்ஹாட்டன் நிலையத்திலிருந்து அவரது பெயரை எடுத்துவிட்டது. காரணம் அந்த இனமேம்பாட்டுப் பேச்சுகள். நிலையம் அதன் பின்னரும் இயங்கியது.

இறப்பதற்கு ஓராண்டு முன்பு, 1965 ஜூனில், கருத்தடையைத் தடைசெய்யும் மாநிலச் சட்டம் ஒன்றை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பு திருமணமான தம்பதியருக்கு மட்டும். திருமணமாகாத பெண்ணுக்கு அதே உரிமை 1972இல்தான் கிடைத்தது. எங்கள் கிராமங்களில் குடும்பநல மாது கொண்டுவரும் பதிவேட்டில் இன்றைக்கும் ஒரு பெண்ணின் பெயர் பெரும்பாலும் குடும்பமான பிறகே ஏறுகிறது.